தெருவெல்லாம் பாட்டு

கேள்வி: பாரிஸில் படிக்கும் என் மகன், ஜூன் 21 அன்று ஊரே தெருவில் பாடும், டிக்கெட்டே கிடையாது என்கிறான். நிஜமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: நிஜம்தான் அம்மா. ‘ஃபெத் த லா மியூசிக்’ என்ற இந்த இசைத் திருவிழா, ஜாக் லாங் பிரான்ஸின் கலாசார அமைச்சராக இருந்தபோது 1982-இல் தொடங்கியது. அங்கே அப்போது இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், கிடார் பழகி ஆறு மாதமான பையனும் தேர்ந்த வித்வானும் அடுத்தடுத்த தெருமுனையில் நின்று இலவசமாக வாசிப்பார்கள். சித்திரைத் திருவிழா இரவில் நம்ம மாசி வீதிகளைச் சுற்றியவர்களுக்கு இந்தக் கூட்டமும் சத்தமும் புதிதில்லை, சாமி புறப்பாடு மட்டும் அங்கே கிடையாது. மகனை நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் நின்றால் பாதி போய்விடும். அப்புறம், புதுச்சேரியிலும் ஜூனில் இது நடக்கிறது. உங்களுக்கு ஒரு ராத்திரி பஸ்தான்!