ஸ்லாப்ல இருக்கிற நம்பர் சைட்ல சரியா காட்டுது, அப்போ உள்ள இருக்கிற காயினும் ஒரிஜினல் தானே?

இல்லைங்க, நம்பர் சரியா இருந்தா நம்பர் சரின்னு மட்டும்தான் அர்த்தம். காயினை சோதிச்சு தரம் போடற பிசிஜிஎஸ் கம்பெனியோட ஹோல்டர்ல, அதாவது ஸ்லாப்னு சொல்ற சீல் வெச்ச பிளாஸ்டிக் டப்பால, ஒரு மோர்கன் டாலர் (அமெரிக்க வெள்ளி நாணயம்) ஆன்லைன்ல வாங்கிருக்கீங்க, லேபிள்ல இருக்கிற நம்பரை அவங்க சைட்ல போட்டு பார்த்தா வருஷம், மின்ட் மார்க் (எந்த நாணயசாலைல அடிச்சதுன்னு காட்டற எழுத்து), கிரேடு (காயின் எவ்ளோ நல்ல நிலைல இருக்குங்கிற மதிப்பெண்) மூணும் பொருந்துது, இது போதுமான்னு கேட்டிருக்கீங்க. நானும் இதையே போதும்னு நினைச்சு ஏமாந்தவன், அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நான் வாங்கினது 1881 எஸ், கிரேடு 65. அந்த வருஷம் சான் பிரான்சிஸ்கோ மின்ட்ல ஒரு கோடிக்கு மேல அடிச்ச காயின் அது, இவ்ளோ சாதாரண காயினை யாரு போலி பண்ணப் போறாங்கன்னுதான் நினைச்சேன். ஆனா போலி பண்றவங்களுக்கு வசதியே அதுதான், அரிய காயின்னா வாங்கறவங்க பத்து பேர்கிட்ட கேட்பாங்க, சாதாரண காயின்னா நம்பரை மட்டும் தட்டி பார்த்துட்டு அலமாரில வெச்சிடுவாங்க. நானும் நம்பர் போட்டேன், எல்லாம் சரியா வந்துச்சு, அதே பக்கத்துல கீழ அந்த காயினோட போட்டோவும் இருந்துச்சு, அதை நான் திறந்தே பார்க்கல. மூணு மாசம் கழிச்சு வேற எதுக்கோ அந்த பக்கத்துக்கு போனப்போதான் பார்த்தேன், நிஜ காயின்ல சுதந்திர தேவியோட கன்னத்துக்கு பின்னாடி தங்க நிறத்துல ஒரு டோனிங் (நாளாக ஆக வெள்ளி மேல படியற நிறம்) பிறை மாதிரி இருக்கு, என்கிட்ட இருக்கிறதுல அப்படி ஒண்ணுமே இல்ல, பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. யாரோ வெச்சிருக்கிற உண்மையான காயினோட நம்பரை எடுத்து போலி லேபிள்ல அடிச்சிருக்காங்க. அந்த நம்பர்ல இன்னும் எத்தனை டப்பா சுத்துதோ தெரியாது.

அதனால முதல் வேலை போட்டோவை ஒப்பிடறது. கொஞ்சம் டோனிங்கை டிப் பண்ணி, அதாவது ரசாயனத்துல முக்கி, எடுத்துட முடியும், ஆனா கீறலை அழிக்க முடியாது. கன்னம், கழுத்து, முகத்துக்கு முன்னாடி இருக்கிற வெற்று இடம், பின்பக்கம் கழுகோட மார்பு, இங்கெல்லாம் இருக்கிற சின்ன சின்ன அடிகளை ஒவ்வொண்ணா பாருங்க, கைரேகை மாதிரிதான், ரெண்டு காயினுக்கு ஒரே மாதிரி இருக்காது. பிசிஜிஎஸ் பக்கத்துல எல்லா காயினுக்கும் படம் இருக்காது, அதே மாதிரி இன்னொரு கம்பெனியான என்ஜிசில கடந்த பல வருஷமா வந்ததுக்கு பெரும்பாலும் இருக்கும். படம் இல்லன்னா பெரிய ஏல கம்பெனிகளோட பழைய ஏல பக்கங்கள்ல அந்த நம்பரை தேடிப் பாருங்க. இன்னொண்ணு, லேபிள்ல இருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி வர்ற பக்கத்தை நம்பாதீங்க, போலி லேபிள் அடிக்கிறவங்களால போலி பக்கமும் செய்ய முடியும். முகவரியை நீங்களே டைப் பண்ணி போங்க.

படம் கிடைக்கலன்னா காயின்தான் சாட்சி. இதுல நான் கத்துக்கிட்ட பெரிய விஷயம் மேடு பள்ளம் பார்க்கிறது. நிஜ காயின் டையில (உருவத்தை பதிக்கிற அச்சு) அடிச்சு வெளிய வந்த அப்புறம் மூட்டைக்குள்ள மத்த காயின்களோட மோதும், அந்த அடி எல்லாம் பள்ளமா இருக்கும், ஓரம் கூர்மையா இருக்கும், பள்ளத்துக்குள்ள உலோகம் கிழிஞ்ச மாதிரி தெரியும். போலி பண்றவங்க ஒரு நிஜ காயினை வெச்சு டை எடுக்கறாங்க, அப்போ அந்த காயின்ல இருந்த அடியும் டைக்குள்ள போயிடும், அதுல இருந்து அடிக்கிற ஒவ்வொரு போலிலயும் அதே அடி அதே இடத்துல வரும், ஆனா ஓரம் மழுங்கி, பள்ளத்துக்குள்ளயும் வெளிய இருக்கிற மாதிரியே வழுவழுன்னு பளபளப்பு இருக்கும். லூப்ல (சின்ன பூதக்கண்ணாடி) பார்த்தா ஒரு தடவைலயே வித்தியாசம் புரியும், பத்து மடங்கு லூப் போதும். விற்பனைக்கு வந்த வேற ஒரு காயின் போட்டோல அதே பள்ளம் அதே இடத்துல இருந்துச்சுன்னா ரெண்டுல ஒண்ணாவது போலின்னு எடுத்துக்கலாம். இங்க ஒரு குழப்பம் வரும், மேடா இருக்கிற கோடுகள் நிஜ காயின்லயும் திரும்ப திரும்ப வரும், ஏன்னா அது டையில இருந்த கீறல், அதுல தப்பு இல்ல. ஆனா கொப்புளம் மாதிரி மேடான புள்ளிகள் வெற்று இடத்துல சிதறி இருந்தா சந்தேகப்படணும், டை சரியா வரலன்னு அர்த்தம்.

அப்புறம் பளபளப்பு. ஒரே ஒரு விளக்கு வெச்சு அதுக்கு கீழ காயினை மெதுவா சாய்ச்சு சுத்துங்க, புழங்காத மோர்கன்ல வெளிச்சம் வண்டிச் சக்கரத்தோட ஆரம் மாதிரி நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் நீண்டு, காயினை சுத்தி சுழன்று ஓடும். அடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கமா வழிஞ்சு போற தடம்தான் அந்த ஓட்டத்தை குடுக்குது. போலிங்க நிறைய எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும், ஓட்டம் இருக்காது. என்னோடது அப்படித்தான் இருந்துச்சு, அப்போ எனக்கு அதை பார்க்கத் தெரியல.

வருஷத்தையும் மின்ட் மார்க்கையும் ஒரு தடவை சரி பாருங்க. மோர்கன் 1878ல தொடங்கி 1904 வரைக்கும், அப்புறம் 1921, மறுபடி 2021ல இருந்து. கார்சன் சிட்டி மின்ட்ல அடிச்ச சிசி காயின்னா 1878ல இருந்து 1885, அப்புறம் 1889ல இருந்து 1893, நடுவுல மூணு வருஷம் கிடையவே கிடையாது. 1893 எஸ் மொத்தமே 1,00,000 காயின்தான், முன்பக்கத்துக்கு ஒரே டைதான் உபயோகிச்சாங்க, அதனால லிபர்ட்டி வார்த்தையில டி எழுத்தோட மேல்பகுதில ஒரு சின்ன சாய்ந்த மேடான கோடு இருக்கணும். மின்ட் மார்க்கை தனியா ஒட்டி ஏமாத்தறவங்க இதுல மாட்டிக்குவாங்க.

ஹோல்டரை பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா அது வருஷா வருஷம் மேம்படுது, இன்னைக்கு நான் சொல்ற குறை நாளைக்கு இருக்காது. எழுத்தோட தடிமன், பார்கோடு கோடுகள் மங்கலா இருக்கா, ஹாலோகிராம் சாய்க்கும்போது நிஜமா மாறுதா இல்ல வெறும் வெள்ளி காகிதமா, இதையெல்லாம் அதே காலத்து ஹோல்டரோட வெச்சு பார்க்கணும், புது ஹோல்டரோட பழசை ஒப்பிட்டா எல்லாமே தப்பா தெரியும். டப்பா நிஜமாவே இருந்து உள்ள காயினை மட்டும் மாத்தறதும் உண்டு, அதுக்கு நாலு ஓரத்துலயும் ஒட்டு போட்ட இடத்துல வெள்ளை பூத்த மாதிரியோ நெம்பின தடமோ இருக்கான்னு பாருங்க.

டப்பாவுல இல்லாத காயின்னா எடை பார்க்கலாம், 1921 வரைக்கும் வந்த மோர்கன் 26.73 கிராம், புழங்காததுன்னா பத்துல ஒரு கிராம்தான் முன்ன பின்ன இருக்கலாம். தண்ணில தொங்க விட்டு எடை எடுத்தா 2.6 கிராம் கிட்ட குறையணும், எடையை அந்த குறைவால வகுத்தா 10.3 பக்கம் வரும். காந்தத்துல ஒட்டலன்னு நிம்மதி ஆகாதீங்க, செம்பும் பித்தளையும் கூட ஒட்டாது. டப்பாக்கு வெளிய இருந்தே உலோகத்தை சோதிக்கிற மெஷின் இருக்கு, ஆனா நிஜ வெள்ளிலயே அடிச்ச போலி அதுல தப்பிச்சிடும், அதுக்கு லூப்தான்.

கடைசியா, எடை பார்க்கிற அவசரத்துல டப்பாவை மட்டும் உடைச்சிடாதீங்க. நான் உடைச்சேன். உள்ள 24.9 கிராம் இருந்துச்சு, போலின்னு உறுதி ஆச்சு, ஆனா விற்றவர் நீங்களே காயினை மாத்திட்டீங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டார், அவர் சொன்னதை மறுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல, பணமும் போச்சு. நீங்க இன்னும் உடைக்கல. இன்னைக்கே அந்த நம்பர் பக்கத்துல போட்டோ இருக்கான்னு பாருங்க, உங்க காயினை அதே கோணத்துல ரெண்டு பக்கமும் படம் எடுத்து பக்கத்துல பக்கத்துல வையுங்க, பொருந்தலன்னா திருப்பி அனுப்பற கெடு முடியறதுக்குள்ள அந்த படத்தோட பணத்தை கேளுங்க.