மலேசியாவில் வேலையில்லாதவருக்கு வருமான வரி எண் கிடைக்குமா?

தம்பி, வேலை போய் நான்கு மாதமாகிறது, வங்கியோ வரி எண் கேட்கிறது, சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். சீட்டெல்லாம் வேண்டாம், அடையாள அட்டை போதும்.

முன்பு வேலை பார்த்தவர்தானே? உங்கள் பெயரில் எண் ஏற்கெனவே இருக்கக்கூடும். வரி அலுவலகத்துக்கு அலையாமல், முதலில் வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் தேடிப் பாருங்கள். தனிநபர் எண் 'ஐஜி' என்று தொடங்கும். இல்லையென்றால் அங்கேயே இ-டஃப்தார் என்ற இணையப் பதிவுச் சேவையில் பதிந்துகொள்ளலாம். அட்டையை வெளிச்சம் அடிக்காமல் படமெடுங்கள். என் மகன் அனுப்பிய படத்தில் பாதி எண்கள் மினுமினுப்பில் மறைந்து, இரண்டாம் முறை அனுப்ப நேர்ந்தது.

எண் வாங்கினால் வரி கட்டவேண்டுமே என்ற பயம் வீண். வருமானம் இருந்தால்தான் வரி. படிவம் வந்தால் மட்டும் சும்மா விடாமல், அந்த ஆண்டில் சம்பாதித்ததை எழுதி, ஒன்றுமே இல்லையென்றால் வருமானம் சுழியம் என்று நிரப்பி அனுப்பிவிடுங்கள்.