நட்சத்திர அட்டவணை வைத்த பிறகு கேலி கூடிவிட்டதா?

நல்ல நடத்தைக்கு நட்சத்திரம் ஒட்டிப் பரிசு தரும் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு, இப்போது "செய்தால் என்ன தருவீர்கள்?" என்று கேட்பதாகவும், நட்சத்திரம் குறைந்தவர்களைக் கேலி செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் அதுதான்.

யார் மேலே, யார் கீழே என்று வகுப்பே தினமும் பார்க்கிறது. பரிசும் தானாகச் செய்யும் ஆசையைக் குறைக்கலாம். 1973-இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் வெளியிட்ட ஆய்வில், பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகள் பிறகு தாங்களாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

கடைசிப் பத்து நாள் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே ஐந்தாறு பேரிடம் குவிந்திருக்கிறதா? சரி, அப்படியானால் ஒரு வாரம் செயலைச் சொல்லிப் பாராட்டிப் பாருங்கள்: "அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாய், கவனித்தேன்." அருகில் போய் மெதுவாகச் சொல்லுங்கள். இந்த வயதில் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தால் பலர் கூசிப்போவார்கள்.

ஏற்கெனவே சொன்ன பரிசை மட்டும் கொடுத்துவிடுங்கள், வாக்கு மாறக்கூடாது.

ஒரே பிள்ளையைக் குறிவைத்துக் கேலி தொடர்ந்தால் அது வேறு விஷயம். அதற்குப் பாராட்டு போதாது. அந்தப் பிள்ளையிடம் தனியே பேசுங்கள், தலைமையாசிரியரிடம் அன்றே சொல்லுங்கள்.