பாடகரை விடுங்கள், டிரம்மரைக் கேளுங்கள்

கேள்வி: 'தி நேஷனல்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'லாஃப் டிராக்' ஆல்பம் வெளிவந்தபோது, தூக்கம் வருகிறது என்று ஒதுக்கிவிட்டேன். இப்போது நண்பர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கும் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. பாடகர் முணுமுணுப்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: டிரம்ஸ் இருக்கிறது. பாடகர் மேட் பெர்னிங்கருடையது தாழ்ந்த குரல்; உச்சத்துக்குப் போய்க் கைதட்டல் வாங்குவதில் அதற்கு நாட்டமில்லை. திரைப்பாடலில் பழகிய நம் காது முதலில் குரலைத் தேடிப் போய், அங்கே ஒன்றும் அகப்படாமல் திரும்பிவிடுகிறது. பாட்டை நகர்த்துகிற டிரம்மர் பிரையன் டெவெண்டார்ஃபின் கைகள் காதுக்குப் பிடிபடச் சில வாரங்கள் ஆகும். அதைத்தான் நீங்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள்.

2023 ஏப்ரலில் இவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில் எந்திரத் தாளம் மிகுதியாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'லாஃப் டிராக்'கில் பிரையனின் நேரடி வாசிப்பு மறுபடி நடுவுக்கு வந்தது. 'ஸ்பேஸ் இன்வேடர்' ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு. அதன் பிற்பாதியில் டிரம்ஸ் சிறிது சிறிதாகத் திரண்டு, கிதார்களையும் இழுத்துக்கொண்டு ஏறுவதைக் கவனியுங்கள். நம்மூர்க் கோவில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டின் குடக்காரர், பாடுபவரின் மூச்சைப் பார்த்தே அடித்துவந்து, சாமி வரும் கட்டத்தில் வேகம் கூட்டுவது போன்ற ஏற்றம் அது.

எந்திரத்துக்கு அந்த மூச்சு தெரியாது. இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி ஏச்சும் வாங்கியிருக்கிறேன், மறுபடியும் எழுதுவேன். கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவில்தான் டிரம்ஸும் பேஸ் கிதாரும் பழகினோம் என்று சொல்லும் இளைஞர்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். அதே குழுக்களில் இன்று கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தித் தாளத்தை ஓடவிடுகிறார்கள். வரி முடிவில் பாடுபவர்கள் மூச்செடுக்கும்போது ஒரு நொடி பொறுத்து அடிக்கிற பையன், பொத்தான் வந்த பிறகு தேவையற்றவனாகிவிட்டான். இது பெரும் இழப்பு.

நண்பர்களின் பாராட்டு வெறும் அலையா என்ற ஐயம் வேண்டாம். குழுவின் கிதார் கலைஞர் ஆரன் டெஸ்னர் 2020இல் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டோடு பணியாற்றியதால் புதிதாகச் சிலர் வந்திருக்கலாம். ஆனால் 2001இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட இக்குழு, வேறு வேலைகளும் பார்த்துக்கொண்டே வளர்ந்து, 2007இல் 'பாக்ஸர்' வந்த பிறகே பரவலாகப் பேசப்பட்டது. கிராமி விருது கிடைத்தது 2018இல். தாமதமாகப் பிடிப்பது இவர்கள் இசையின் இயல்பு.

போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் டிரம்மின் அடி அதில் வராது. உங்கள் சபையின் டிரம்ஸ் செட் துணி போர்த்திக் கிடக்குமானால், அடுத்த ஒத்திகைக்கு முன் அந்தத் துணியை எடுக்கச் சொல்லுங்கள்.