தென்னாப்பிரிக்காவில் சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் குடும்பத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் உண்மையில் எப்படி உதவுகின்றன?

வேலை மாற்றலாகி டர்பனுக்கு வந்திருக்கிறோம், 3 வயது மகனுக்கு செரிபிரல் பால்சி (மூளைப் பாதிப்பால் உடலசைவு கட்டுப்படாத நிலை), முதலில் எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கும் அதேதான். இப்போது அவளுக்கு 11 வயது.

முதலில் ஒரு பெற்றோர் குழுவைத் தேடிப் பிடியுங்கள். தெரபி, பள்ளி, பணம் எல்லாவற்றுக்கும் வழி அங்கேதான் தெரியும். நான் இரண்டு வருடம் ஸ்கேன், டாக்டர், மறுபடி ஸ்கேன் என்று அலைந்தேன். வீட்டில் எப்படிச் சோறு ஊட்டுவது என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை. மடியில் படுக்கவைத்துத்தான் ஊட்டுவேன். வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும், புரையேறும், அடிக்கடி நெஞ்சுச்சளி வரும்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு குழுவுக்குப் போனபோது அங்கிருந்த ஓர் அக்கா என் மகளை வாங்கி நிமிர்த்தி உட்காரவைத்தார். தாடையை விரலால் தாங்கி, கஞ்சியைக் கெட்டியாக்கி, சின்னக் கரண்டியில் ஊட்டினார். கரும்புத் தோட்டக் காலத்தில் வந்த குடும்பம் அவருடையது. 'கண்ணு', 'சாப்பிடு' என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. (உங்கள் மகன் விழுங்குவதை ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் கட்டாயம் பார்க்கட்டும். பேச்சு மட்டுமல்ல, விழுங்குவதும் அவர்கள் வேலைதான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறை ஒத்துவராது.)

அவர் மகன் உட்கார்ந்திருந்த நாற்காலி பழைய அட்டைப்பெட்டிகளை மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. ஜிம்பாப்வேயில் தொடங்கிய முறை அது. பிள்ளையின் அளவுக்கே செய்யலாம், செலவும் மிகக் குறைவு. எங்கள் வீட்டில் இதுவரை மூன்று செய்துவிட்டோம்.

தாய்க்குத் தாய் கற்றுக்கொடுப்பது இந்த நாட்டில் புதிதல்ல. மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோரே சேர்ந்து 1993-இல் டைகாக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜோகன்னஸ்பர்க்கின் மலமுலேலே ஆன்வர்ட், செரிபிரல் பால்சி உள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கே பயிற்சி கொடுத்து மற்றத் தாய்மாருக்குச் சொல்லித்தர வைக்கிறது.

சரி, பணம். அரசின் கேர் டிபென்டன்சி கிராண்ட் (பராமரிப்பு உதவித்தொகை) மாதம் 2,000 ரேண்டுக்கு மேல். 18 வயதுக்குக் கீழே, எப்போதும் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு. பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பார்கள். குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை, அகதி நிலை இவற்றில் ஒன்று வேண்டும், எனவே வேலை விசாவில் இருந்தால் கிடைக்காது. தகுதி உண்டென்றால், மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் முன் ஒரு முழு நாளை எழுதிவையுங்கள். எத்தனை முறை டயப்பர், இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்கவைக்கிறீர்கள் என்பதெல்லாம். டாக்டர் முன்னால் நமக்கு எல்லாம் மறந்துபோகும், 'சமாளிக்கிறோம் டாக்டர்' என்றுதான் வாயில் வரும். இந்த யோசனையும் அந்த அக்கா சொன்னதுதான். மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

பள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் பெயரை இப்போதே கொடுத்துவையுங்கள். எங்களை ஒரு பள்ளி 'இடமில்லை' என்று வாசலிலேயே அனுப்பிவிட்டது. கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை அரசு முன்பு கல்வித் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, அவர்களுக்கும் அடிப்படைக் கல்வி உரிமை உண்டு என்று 2010-இல் மேற்குக் கேப் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. உங்கள் மகனுக்கு அது பொருந்தாமல் போகலாம். என் மகளுக்குப் பொருந்தும், அதனால் அந்தத் தீர்ப்பை என்னால் மறக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. முன்பணம் கேட்கும் எந்த அமைப்பிடமும் என்பிஓ (லாப நோக்கற்ற அமைப்பு) பதிவு எண் கேளுங்கள். அரசின் சமூக மேம்பாட்டுத் துறையில் சரிபார்க்கலாம்.

அப்புறம், கோயிலில் யாராவது 'போன ஜென்ம வினை' என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வந்திருக்கிறேன்.

மகனுக்குத் தலை நிற்கிறதா, வீடு எந்தப் பகுதியில் என்று எழுதுங்கள். பக்கத்தில் எந்தக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.