வாசகர் கேள்வி: அனுமதி வெறும் சம்பிரதாயமா?

கேள்வி: வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் நிலத்தில் அகழாய்வு செய்ய அவர்களையும் கேட்க வேண்டுமாமே? அது வெறும் சம்பிரதாயம்தானா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: கனடாவின் நுனாவுட் பகுதியில் அது சம்பிரதாயம் அன்று. 1993-இல் கையெழுத்தான நுனாவுட் உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு தொல்லியலுக்கென்றே எழுதப்பட்டது. அதன்படி அமைந்த இனுயிட் மரபு அறக்கட்டளை, அகழாய்வு விண்ணப்பங்களைப் பார்த்துக் காரணம் காட்டி ஆட்சேபிக்கலாம். அங்கே கிடைக்கும் தொல்பொருள்களில் அரசோடு அதற்கும் உரிமைப் பங்கு உண்டு.

சட்டத்தைவிடச் சுவையானது, பிரிட்டிஷ் கடற்படை ஆய்வுப்பயணி ஜான் ஃபிராங்க்ளினின் கப்பல்களின் கதை. 1845-இல் பிரிட்டனிலிருந்து புறப்பட்டுப் பனியில் சிக்கிய எரிபஸ், டெரர் ஆகிய இரண்டில் ஒன்று மூழ்கிய பகுதியை இனுயிட் மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தும், கேட்டவர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 2014-இல் எரிபஸ் அப்பகுதியில்தான் அகப்பட்டது. நுனாவுட்டின் ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுயிட்காரரான சாமி கொக்விக், மீன்பிடிக்கப் போன வழியில் கடற்பனியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரத்தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். கேமரா தொலைந்துபோகவே, அபசகுனம் என்றஞ்சிப் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 2016-இல் அவர் பேச்சைக் கேட்டுத் திசை திரும்பிய தேடல் கப்பல்தான் டெரரைக் கண்டுபிடித்தது. (அது மூழ்கிக் கிடந்த விரிகுடாவின் பெயரும் டெரர்தான் என்பது வேடிக்கை!) இன்று கோடைதோறும் அருகில் முகாமிட்டு அச்சிதைவுகளைக் காப்பவர்களும் இனுயிட் காவலர்களே.