மனிதவளத் துறையிலிருந்து தலைமைப் பதவிக்குப் போக முடியுமா?

மனிதவளம், பேச்சுவழக்கில் எச்ஆர். ஆள் எடுப்பதில் தொடங்கி சம்பளம், பயிற்சி, பதவி உயர்வு, வேலையை விட்டு அனுப்புவது வரை எல்லாம் இதில் அடங்கும். இங்கிருந்து உச்சிக்குப் போகலாமா? போகலாம். சோப்பு, ஷாம்பூ விற்கும் யூனிலீவரின் மனிதவளத் தலைவராக இருந்த லீனா நாயர் 2022-ல் ஃபேஷன் நிறுவனமான ஷனேலின் சிஇஓ (தலைமைச் செயல் அதிகாரி) ஆனார். 2014-ல் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் சிஇஓ ஆன மேரி பாராவும் இடையில் மனிதவளப் பிரிவை நடத்தியவர். (அடிப்படையில் அவர் இன்ஜினியர்.)

காரணம், நிறுவனம் முழுவதும் கண்ணில் படும் இடம் இது. ஒரே பிரிவில் நாலு பேர் அடுத்தடுத்து ராஜினாமா செய்கிறார்கள் என்று வையுங்கள். கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்றுதான் இருக்கும். கடைசி நாளில் எச்ஆர் எதிரே உட்கார்ந்து அவர்களைப் பேசவிட்டால்தான் மேனேஜரின் பெயர் மெல்ல வெளியே வரும். விக்கெட் கீப்பர் மாதிரி: ரன் அடிப்பவர்கள் வேறு, ஆனால் மைதானம் முழுக்க அவர் பார்வையில்.

ஆனால் ஒன்று, லாப நஷ்டக் கணக்கு படிக்கத் தெரியாவிட்டால் இந்தப் பயணம் பாதியில் நின்றுவிடும். விற்பனையிலோ உற்பத்தியிலோ கொஞ்ச காலம் இருந்துவிட்டு வருவது நல்லது என்பேன்.

'நாலு பேரோடு பழகப் பிடிக்கும், அதனால் எச்ஆர்' என்பார்கள். பிடித்தவரிடமே 'உங்களுக்கு இந்த முறை பதவி உயர்வு இல்லை' என்று சொல்வதும் இதே வேலைதான்.